சர்வர், சிப், ஹைப்பர்வைசர், கிளவுட் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்: பழுதின்போதும் சேர்ந்தே வாருங்கள்

சிப் செய்பவர்கள், சர்வர் செய்பவர்கள், நெட்வொர்க் கார்டு செய்பவர்கள், ஒரு நிஜ சர்வருக்குள் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருளை எழுதுபவர்கள், கிளவுட் நடத்துபவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கூட்டு அறிவிப்பு வெளியிடும்போதெல்லாம் நான் அதை முழுவதும் படித்துவிடுவேன். இன்னாருடைய சர்வரும் இன்னாருடைய மெய்நிகராக்க மென்பொருளும் இனி ஒன்றாகச் சோதிக்கப்படும், ஒன்றாகச் சான்று பெறும், ஒன்றாகவே விற்கப்படும் என்று இருக்கும். படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நீங்கள் ஆளுக்கொரு பக்கம் செய்த பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் 18 வருடமாக என் வேலை. ஆனால் கடைசி வரி வரை தேடினாலும் ஒரு விஷயம் மட்டும் கிடைக்காது. சேர்ந்து விற்ற அந்தப் பெட்டி நடுராத்திரியில் நின்றுபோனால் நான் யாரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அவர் "இது எங்கள் பக்கத்துப் பிரச்சினை இல்லை" என்று சொல்லாமல் கடைசி வரை கூட வருவாரா என்பது அதில் இருக்காது. அதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனங்களின் பெயர் வேண்டாம். உங்களில் யாருடைய பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும், இந்த வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒன்று சொல்வார்கள்.

நான்கு ஹோஸ்ட், அதாவது ஹைப்பர்வைசர் ஓடும் நான்கு நிஜ சர்வர்கள், ஒன்றுக்கொன்று துணையாகச் சேர்ந்த ஒரு கிளஸ்டர். நான்கும் ஒரே மாடல், ஒரே சமயத்தில் வாங்கியவை, ஹைப்பர்வைசர் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் வாங்கினோம். சர்வர் நிறுவனம் நெட்வொர்க் கார்டுக்கு ஒரு புதிய ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வெளியிட்டு, கட்டாயம் போட வேண்டியது என்று குறித்திருந்தது. முறைப்படி ஒவ்வொரு ஹோஸ்டாக, அதில் ஓடும் மெய்நிகர் சர்வர்களை (விஎம்) வெளியேற்றிக் காலி செய்து, ஃபர்ம்வேரை ஏற்றி, ரீபூட் செய்து, விஎம்களைத் திருப்பிக் கொண்டுவந்தேன். முதல் இரண்டும் பிரச்சினையில்லாமல் முடிந்தன. மூன்றாவதைக் காலி செய்துகொண்டிருந்தபோது, அதிலிருந்த விஎம்கள் லைவ் மைக்ரேஷனில், அதாவது நிற்காமல் ஓடியபடியே, வரிசையாக இரண்டாவது ஹோஸ்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், இரண்டாவது ஹோஸ்டின் கார்டு பாக்கெட் அனுப்புவதை நிறுத்திவிட்டது.

கார்டு ஒரேயடியாகச் செத்திருந்தால் பரவாயில்லை. ஸ்விட்ச் பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இணைப்பு இருக்கிறது என்று ஹைப்பர்வைசர் நம்பியதால் மாற்று கார்டுக்குத் தாவவில்லை. நிர்வாக நெட்வொர்க் மதர்போர்டில் இருந்த வேறொரு போர்ட் வழியாக ஓடியது, அதனால் ஹோஸ்ட் நலமாக இருக்கிறது என்று கிளஸ்டரும் நினைத்து, விஎம்களை வேறு இடத்தில் தானாகத் தொடங்காமல் விட்டுவிட்டது. சரி, நாமே வெளியே எடுப்போம் என்றால் மைக்ரேஷன் போக வேண்டிய வழியும் அதே கார்டுதான். சேமிப்பகம் தனி ஃபைபரில் இருந்ததால் உள்ளே 31 விஎம்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றுக்கும் வெளியே யாரோடும் பேச்சு இல்லை. அவற்றில் ஒன்று, ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்திலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பும் விஎம்.

31-ஐயும் ஒவ்வொன்றாக நிறுத்தி வேறு ஹோஸ்டில் தொடங்கினேன். அதிகாலை 2.10-க்கு ஆரம்பித்து 2.50 ஆனது. அந்த 40 நிமிடமும் அந்த மருத்துவமனையில் முடிவுகளைத் தொலைபேசியில் கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று காலையில் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

அலைச்சல் அதற்கப்புறம்தான் தொடங்கியது. சர்வர் நிறுவனத்தில் புகாரைப் பதிந்து கேஸ் திறந்தேன். "ஃபர்ம்வேரை நாங்கள் சோதித்துத்தான் வெளியிட்டோம், வன்பொருள் சோதனையில் கார்டு தேறுகிறது, ஹைப்பர்வைசர் நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றார்கள். அங்கே போனால், "கார்டை ஹைப்பர்வைசரோடு பேச வைக்கும் டிரைவர் கார்டு நிறுவனம் எழுதியது, எங்கள் பட்டியலில் அந்த டிரைவருக்கு நேரே போட்டிருப்பது பழைய ஃபர்ம்வேர், நீங்கள் போட்டிருப்பது பட்டியலில் இல்லாத ஜோடி" என்றார்கள். கார்டு நிறுவனமோ, "இது சர்வர் நிறுவனத்தின் முத்திரையில் விற்ற கார்டு, வாடிக்கையாளருக்கு எங்களிடம் நேரடி சப்போர்ட் கிடையாது, அவர்கள் மூலமாகத்தான் வர வேண்டும்" என்றது. ஆக, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். ஒரே லாக் (நிகழ்வுப் பதிவு) தொகுப்பை மூன்று தளங்களில் மூன்று முறை ஏற்றினேன், ஒரே கதையை ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புதிதாகச் சொன்னேன். பேசியவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், அவரவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவரவர் சொன்னதும் சரிதான். கட்டாயம் போடு என்று ஒரு நிறுவனம் சொன்னதை, போட்டது தப்பு என்று அதன் கூட்டாளி நிறுவனம் சொல்கிறது, இரண்டு பேரின் சின்னமும் அதே பெட்டியின் விற்பனைத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. இதில் நான் யார் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்?

பத்தொன்பதாவது நாள், எங்கள் மேலாளர் எப்படியோ வற்புறுத்தி மூன்று நிறுவனங்களின் பொறியாளர்களையும் ஒரே அழைப்பில் உட்கார வைத்தார். 25 நிமிடம். கார்டுக்காரர் லாகில் ஒரு வரியைப் பார்த்ததும், புதிய ஃபர்ம்வேரில் அனுப்பும் வரிசையை மீட்டமைக்கும் விதத்தை மாற்றியிருக்கிறோம், பழைய டிரைவருக்கு அது புரியாது, பாரம் கூடும்போது இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டே நின்றுவிடும் என்றார். சர்வர் நிறுவனத்தவர் அந்த ஃபர்ம்வேரின் "கட்டாயம்" குறியை அன்றே எடுக்கச் சொன்னார். ஹைப்பர்வைசர்காரர் புதிய டிரைவர் எப்போது வரும் என்று தேதி சொன்னார். அவ்வளவுதான்.

அந்த 25 நிமிட அழைப்பைத்தான் கேட்கிறேன். பத்தொன்பதாவது நாளில் இல்லாமல் முதல் நாளிலேயே.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை, நீங்கள் உண்மையாகச் சேர்ந்து உட்கார்ந்தபோது என்ன நடந்தது என்பதற்கு இந்தத் துறையின் வரலாறே சாட்சி. ஐபிஎம் 1972-ல் விஎம்/370 என்ற தன் மெய்நிகராக்க மென்பொருளை அறிவித்தபோது வன்பொருளும் மென்பொருளும் ஒரே வீட்டில் பிறந்தவை, அங்கே இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. இன்டெல், ஏஎம்டி சிப்களின் எக்ஸ்86 உலகம் அப்படி இல்லை. ஒரு கணினியைச் சுத்தமாக மெய்நிகராக்க வேண்டுமானால் அதன் நுட்பமான கட்டளைகள் எல்லாம் அனுமதியில்லாத இடத்தில் ஓடும்போது பொறியில் சிக்க வேண்டும், அதாவது கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் வர வேண்டும் என்று கணினி ஆய்வாளர்கள் போபெக்கும் கோல்ட்பெர்க்கும் 1974-லேயே எழுதிவிட்டார்கள். இன்டெலின் பென்டியம் சிப்பில் 17 கட்டளைகள் அப்படிச் சிக்காமல் நழுவின. பாப்எஃப் என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளேயிருக்கும் இயங்குதளம் இன்டரப்டை (சாதனங்கள் இடைமறித்து அனுப்பும் சைகை) நிறுத்தச் சொல்லி அதை ஓட்டும், சிப் எந்தப் பிழையும் காட்டாமல் அந்தப் பகுதியை மட்டும் செய்யாமல் விட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். ஹைப்பர்வைசருக்குத் தகவலே வராது. சிப் நிறுவனங்களின் உதவி இல்லாத அந்தக் காலத்தில் 1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், ஓடிக்கொண்டிருக்கும் இரும நிரலையே அந்தந்தக் கணத்தில் மொழிபெயர்த்து ஓட்டி இதைச் சமாளித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸென் என்ற ஹைப்பர்வைசர் 2003-ல் வேறு வழி பிடித்து, உள்ளே ஓடும் இயங்குதளத்தையே கொஞ்சம் திருத்தியது. இரண்டுமே அபாரமான வேலை, இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும். ஆனால் சிப்பில் சில மாற்றங்கள் செய்திருந்தால் அவ்வளவு பாடு தேவைப்பட்டிருக்காது.

சிப் நிறுவனங்கள் அதைச் செய்யவும் செய்தன. 2005 நவம்பரில் இன்டெலின் விடி-எக்ஸ், 2006 மே மாதம் ஏஎம்டி-வி, இரண்டும் மெய்நிகராக்கத்துக்காகச் சிப்பிலேயே வைத்த வசதிகள். முதல் தலைமுறை வந்ததும் விஎம்வேர் பொறியாளர்கள் இருவர் 2006-ல் அதை அளந்து பார்த்து, பல வேலைகளில் எங்கள் பழைய மென்பொருள் முறையே இன்னும் வேகம் என்று ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். எந்தத் தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பக்க அட்டவணையைத் தொடும்போதெல்லாம் ஹைப்பர்வைசருக்கு எகிறிக் குதிக்க வேண்டியிருந்ததுதான் பெரிய செலவு. அந்தச் செலவைக் குறைக்கும் இரண்டடுக்குப் பக்க அட்டவணை 2007-ல் ஏஎம்டியின் பார்சிலோனா சிப்பிலும் 2008-ல் இன்டெலின் நெஹேலம் சிப்பிலும் வந்தது. இடையில் 2007 பிப்ரவரியில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே நுழைந்துவிட்டது, சிப் பாதி வேலையைச் செய்ததால்தான் அந்த நிரல் அவ்வளவு சின்னதாக எழுத முடிந்தது. குறையை அளந்து பகிரங்கமாகச் சொல்ல ஒருவர், அதைச் சிப்பிலேயே தீர்க்க ஒருவர். இன்றைய கிளவுட் முழுவதும் அந்த இரண்டு மூன்று வருட வேலையின் மேல்தான் நிற்கிறது.

என்னைப் போன்றவர்களுக்கு அதைவிடவும் உதவியது, யாரும் பெரிதாகப் பேசாத ஒரு ஒப்பந்தம். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒருவருடைய இயங்குதளம் இன்னொருவருடைய ஹைப்பர்வைசரில் ஓடும்போது பழுது வந்தால், "நிஜ சர்வரில் இதே பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். மெய்நிகரில் ஓடுவதை எடுத்து நிஜ சர்வரில் நிறுவி, பிழை வருகிறதா என்று இரவு முழுவதும் காத்திருந்திருக்கிறேன். 2008-ல் மைக்ரோசாஃப்ட் மற்றவர்களின் ஹைப்பர்வைசர்களையும் சோதித்து ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டும் லினக்ஸ் விற்கும் ரெட் ஹாட்டும், என் ஹைப்பர்வைசரில் உன் இயங்குதளம், உன் ஹைப்பர்வைசரில் என் இயங்குதளம், இரண்டுக்கும் சப்போர்ட் உண்டு என்று கைகோத்தன. அந்த இரண்டு நிறுவனங்களும் சந்தையில் எப்படி மோதிக்கொண்டிருந்தன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதே வருடம் ஜூலையில் தன் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி-க்கான சுமார் 20,000 வரி டிரைவர் நிரலை ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் லினக்ஸ் கர்னலுக்கே மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. போட்டியாளர்களுக்குள்ளேயே இது முடிந்திருக்கிறது என்றால், கூட்டாளிகள் என்று அறிவித்துக்கொண்டவர்களுக்கு ஏன் முடியாது?

கேஸைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள அமைப்பும் இருக்கிறது. டிஎஸ்ஏநெட் 1993-லிருந்து இதற்காகவே நடக்கிறது, உங்களில் பலர் அதில் உறுப்பினர்கள். ஆனால் வாடிக்கையாளராக நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் முதல் நிலை சப்போர்ட்டில் இருப்பவர் அப்படி ஒன்று உண்டா என்று தேடிப் பார்க்கிறார். உங்கள் பயிற்சிக் கையேட்டில் அது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன், என் இரவுகளில் பாதியைத் தின்றது அதுதான். விர்ட்-ஐஓ எப்படி வந்தது என்று பாருங்கள். லினக்ஸ் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் 2008-ல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தது, ஹைப்பர்வைசருக்கு ஒரு மாதிரி, சாதனத்துக்கு ஒரு மாதிரி என்று தனித்தனி டிரைவர் எழுதிக்கொண்டிருக்காமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரே வடிவம். விஎம்முக்கும் ஹோஸ்டுக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு வளையம். அனுப்ப வேண்டியதை விஎம் அதில் வரிசையாக வைக்கும், ஹோஸ்ட் எடுத்துக்கொண்டு முடித்தவற்றைத் திருப்பி எழுதும். கருத்து இவ்வளவு எளிமை. 2016-ல் அது ஒயாசிஸ் என்ற அமைப்பின் தரநிலையாகவே ஆனது. இப்போது நெட்வொர்க் கார்டுகளே அந்த வளையத்தை வன்பொருளில் நேரடியாகப் படிக்கின்றன. மென்பொருளில் பிறந்த ஒரு வடிவத்தை வன்பொருள் ஏற்றுக்கொண்டிருக்கிறது, யாருடைய முத்திரையும் அதன் மேல் இல்லை, யாரும் நாளைக்கு அதை மூடிவிட முடியாது. சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க 2015-ல் வந்த ரெட்ஃபிஷ் தரநிலையும் ஓரளவு இப்படித்தான். முன்பு சர்வருக்குச் சர்வர் வேறு வேறு கருவி வைத்துக்கொண்டு திண்டாடிய எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஃபர்ம்வேர், டிரைவர், ஹைப்பர்வைசர் பதிப்பு மூன்றும் சேர்ந்த பொருத்தத்துக்கு மட்டும் இன்னும் அப்படி ஒன்று இல்லை. சர்வர் நிறுவனத்துக்கு ஒரு பட்டியல், ஹைப்பர்வைசர் நிறுவனத்துக்கு இன்னொன்று, இரண்டும் வேறு வேறு நாளில் புதுப்பிக்கப்படுகின்றன, ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் சொல்ல ஆளில்லை. நாங்கள் ஒரு விரிதாளில் கையால் எழுதி வைத்துக்கொள்கிறோம். நான் பார்த்த ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஒரு விரிதாள் இருக்கிறது, அதை எழுதியவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவருக்கு விளங்குவதில்லை. எந்த மூன்றும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது என்பது சோதித்த உங்களுக்குத் தெரியும். அதை நிரல் படிக்கக்கூடிய வடிவத்தில், இரண்டு நிறுவனங்களும் கையெழுத்திட்ட ஒரே பட்டியலாக, கணக்கு உருவாக்கி உள்நுழையச் சொல்லாமல் பொதுவெளியில் போடுங்கள். பட்டியலில் இல்லாத ஜோடி வந்தால் ஃபர்ம்வேர் ஏற்றும் கருவியே நிறுத்தி எச்சரிக்கட்டும். எனக்கு அன்று அப்படி ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் அந்த 40 நிமிடம் நடந்தேயிருக்காது.

பாதுகாப்புக் குறைகள் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் குறைகள் 2017 ஜூன் மாதமே சிப் நிறுவனங்களிடம் சொல்லப்பட்டவை, ஜனவரி 9 என்று குறித்திருந்த அறிவிப்பு முன்கூட்டியே கசிந்து 2018 ஜனவரி 3 அன்று வெளியே வந்தது. ரகசியம் காக்க வேண்டிய அவசியம் எனக்குப் புரிகிறது, ஏழு மாதத்தில் நடந்த வேலை சாதாரணமானது இல்லை என்பதும் தெரியும். ஆனால் பெரிய கிளவுட் நிறுவனங்கள் மாதக்கணக்கில் தயாராக முடிந்தது, சிறிய கிளவுட் நடத்தியவர்கள் பலருக்கும் உலகத்தோடு சேர்ந்துதான் தெரிந்தது. ஒரே சிப், ஒரே ஆபத்து. அந்த வாரம் நாங்கள் மூன்று பேர் முறை வைத்துத் தூங்கினோம். இன்டெல் கொடுத்த மைக்ரோகோட் (சிப்புக்கான திருத்தம்) சில சர்வர்களைத் தானாக ரீபூட் செய்ய வைத்ததும், ஜனவரி 22 அன்று அதைப் போடுவதை நிறுத்துங்கள் என்று அவர்களே சொன்னதும், போட்டதை எடுக்க நாங்கள் மறுபடி எல்லா ஹோஸ்டையும் காலி செய்ததும் இன்னும் மறக்கவில்லை.

அதே வருடம் ஆகஸ்டில் எல்1டிஎஃப் என்ற இன்னொரு சிப் குறை. சிப்பின் ஒரு கோரில் (செயலிப் பகுதி) இரண்டு த்ரெட் (வேலை ஓட்டம்) ஓடும்போது பக்கத்து விஎம்மின் தரவு கசியலாம், முழுப் பாதுகாப்பு வேண்டுமானால் அப்படி இரண்டாக ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்துவிடுங்கள் என்றார்கள். அணைத்தால் எவ்வளவு திறன் போகும், அணைக்காவிட்டால் எங்கள் நிலைமையில் எவ்வளவு ஆபத்து என்று சிப் நிறுவனமும் ஹைப்பர்வைசர் நிறுவனமும் சேர்ந்து ஒரே பதிலாகச் சொல்லவில்லை, முடிவு எங்கள் தலையில் விழுந்தது. ஒரே கோரில் நம்பிக்கையானவர்களை மட்டும் சேர்த்து ஓட்டும் கோர் ஷெட்யூலிங் லினக்ஸ் 5.14-ல், 2021-ல்தான் வந்தது. கடினமான நிரல், அவசரப்படுத்த முடியாது என்பது சரி. ஆனால் அடுத்த முறை முன்கூட்டியே சொல்லும் வட்டத்தில் சிறிய நிறுவனங்களின் சார்பாகவும் ஒருவர் உட்கார வேண்டும், ஆலோசனைக் குறிப்பு இரண்டு தரப்பும் சேர்ந்து எழுதிய ஒன்றாக வர வேண்டும்.

லைசென்ஸ் பற்றி எழுதாமல் விட்டால் என் சக நிர்வாகிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2019 ஆகஸ்டில் ஏஎம்டி 64 கோர் எபிக் சிப்பை வெளியிட்டது. சிப் பொருத்தும் சாக்கெட் கணக்கில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டிருந்த நாங்கள், இரண்டு சாக்கெட் வேலையை இனி ஒரே சாக்கெட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டோம். 2020 பிப்ரவரியில் விஎம்வேர், ஒரு சிபியு லைசென்ஸ் இனி 32 கோர் வரைதான் என்று அறிவித்தது. விண்டோஸ் சர்வர் அதற்கு முன்பே, 2016 பதிப்பிலிருந்து, கோர் கணக்குக்குப் போயிருந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று எல்லாம் சந்தா ஆனது. எப்படி விற்பது என்பது உங்கள் உரிமை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஒருவர் கோரைக் கூட்டிக்கொண்டே போவதும் அவருடைய கூட்டாளியே கோரை எண்ணிக் காசு வாங்குவதும் ஒரே பெட்டிக்குள் நடக்கிறது, நடுவில் ஐந்து வருடக் கணக்குப் போட்டு வாங்கியவன் நான். கூட்டாகச் சான்றளித்து விற்கும் பெட்டிக்கு ஐந்து வருட வன்பொருள் உத்தரவாதம் கொடுக்கிறீர்கள் அல்லவா, அந்த ஐந்து வருடமும் அதன்மேல் ஓடும் மென்பொருளின் லைசென்ஸ் கணக்கு முறை மாறாது என்றும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். விலை ஏறட்டும், அதற்குத் தயாராக இருக்க முடியும். கணக்கு முறையே மாறினால் எந்தத் திட்டமும் நிற்காது.

ஒரு ஹைப்பர்வைசரை விட்டு வேறொன்றுக்குப் போகும் வழியும் இதோடு சேர்ந்ததுதான். டெல், எச்பி, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், விஎம்வேர், ஸென்சோர்ஸ் எல்லோரும் சேர்ந்து 2007-ல் விஎம்மை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோக ஓவிஎஃப் என்ற பொது வடிவத்தை டிஎம்டிஎஃப் என்ற தரநிலை அமைப்பிடம் கொடுத்தீர்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு விண்டோஸ் விஎம்மை அந்த வடிவத்தில் எடுத்து வேறு ஹைப்பர்வைசரில் ஏற்றிப் பாருங்கள். வட்டு முழுதாக வந்து சேரும், பூட் ஆகும்போது நீலத்திரை. பழைய இடத்து வட்டுக் கட்டுப்படுத்தி இங்கே இல்லை, புதியதற்கான டிரைவர் உள்ளே இல்லை. திரும்பப் போய், பழைய இடத்திலேயே டிரைவரை முன்கூட்டி நிறுவி, பூட் நேரத்தில் ஏறும்படி குறித்துவிட்டு மறுபடி எடுத்து வர வேண்டும். அதையும் தாண்டினால் நெட்வொர்க் கார்டு புதிதாகத் தெரியும், இப்போது இல்லாத பழைய கார்டின் பெயரில் நிலையான ஐபி முகவரி ஒளிந்துகொண்டிருக்கும். லினக்ஸில் இடைமுகத்தின் பெயர் மாறிப்போய் அமைப்புக் கோப்பு எதற்கும் பொருந்தாமல் நிற்கும். இதை நூற்றுக்கணக்கான விஎம்களுக்குச் செய்வது எப்படி இருக்கும் என்று கடந்த இரண்டு வருடத்தில் ஹைப்பர்வைசர் மாறியவர்களிடம் கேளுங்கள். எல்லா இயங்குதளமும் பிறக்கும்போதே விர்ட்-ஐஓ டிரைவரோடு வந்தால் இதில் பாதி தீரும்.

சிப் மாறினால் இன்னும் கஷ்டம். இன்டெல் ஹோஸ்டில் ஓடும் விஎம்மை நிறுத்தாமல் ஏஎம்டி ஹோஸ்டுக்கு நம்பிக்கையோடு கொண்டுபோக முடியாது, அணைத்துத்தான் கொண்டுபோகிறோம். விஎம்மின் நிலையை இன்டெல் ஒரு அமைப்பில் வைத்துத் தனிக் கட்டளைகளால் படிக்கிறது, ஏஎம்டி வேறு அமைப்பில் சாதாரண நினைவகமாக வைக்கிறது, அதனால்தான் கேவிஎம்முக்கும் இரண்டு தனி மாட்யூல். விஎம்மின் தரவை ஹோஸ்டிடமிருந்தே மறைக்கும் ரகசியக் கணிமைக்கு வந்த ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் இரண்டும் இதே மாதிரி தனித்தனிப் பாதையில் போகின்றன. 2024 அக்டோபரில் இன்டெலும் ஏஎம்டியும் எக்ஸ்86 ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தீர்கள், பிராட்காம், டெல், கூகுள், எச்பிஇ, லெனோவோ, மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள், ரெட் ஹாட் எல்லோரும் அதில் இருக்கிறீர்கள். இந்த மடல் போய்ச் சேர வேண்டிய எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மேசையில் இருக்கிறீர்கள், இப்படி ஒரு சந்தர்ப்பம் அடிக்கடி வராது. மெய்நிகராக்கத்தை அந்த மேசையில் முன்னால் வையுங்கள்.

கிளவுடிலிருந்து வெளியேறத் தரவுக் கட்டணம் கிடையாது என்று 2024 ஜனவரியில் கூகுளும் மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் சொன்னது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்கான கட்டணமே கூடாது என்கிறது. சட்டம் சொல்லாத இடங்களிலும் அதையே செய்யுங்கள் என்பதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த 25 நிமிட அழைப்பு முடியும் நேரத்தில் ஒன்று நடந்தது. கார்டு நிறுவனப் பொறியாளர் ஹைப்பர்வைசர் நிறுவனப் பொறியாளரிடம், "உங்கள் நேரடி எண்ணைக் கொடுங்கள், இந்த டிரைவரை நான்தான் பார்க்கிறேன், இனி ஃபர்ம்வேர் மாறும்போது உங்களிடம் முன்பே சொல்லிவிடுகிறேன்" என்றார். அவர் எழுதும் டிரைவர் வருடக்கணக்காக இவருடைய ஹைப்பர்வைசரில் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேரும் அன்றுதான் முதல் முறையாகப் பேசினார்கள். அவர்கள் தனிப்பட்ட முறையில் செய்துகொண்டதை நீங்கள் நிறுவன அளவில் செய்யுங்கள். கூட்டாக விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே கேஸ் எண், அதை முதலில் எடுத்தவர் முடியும்வரை கைவிடக் கூடாது, உற்பத்திச் சூழல் நின்றுபோயிருந்தால் நான்கு மணி நேரத்துக்குள் எல்லாத் தரப்புப் பொறியாளரும் ஒரே அழைப்பில் இருக்க வேண்டும். அடுத்த கூட்டு அறிவிப்பு வந்ததும் இந்தப் பத்தி அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகளை இரவில் பார்த்துக்கொள்ளும் ஒரு சர்வர் நிர்வாகி